ஆள் கணக்கு

2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் இருக்கும் ஜாப்லின் நகரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பட்டமளிப்பு விழா. மிசௌரி சதர்ன் மாநிலப் பல்கலைக்கழக அரங்கில் விழா முடிந்து பிள்ளைகளும் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் கார்களில் கலைந்துகொண்டிருந்தார்கள். சிலர் வீட்டுக்கு, சிலர் உணவகத்துக்கு, சிலர் கடைக்கு. 5.34 மணிக்கு ஊருக்கு மேற்கே டொர்னேடோ தரை தொட்டது. சில நிமிடங்களில் நகருக்குள் புகுந்து, மேற்கிலிருந்து கிழக்காக ஊரை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போனது. சில இடங்களில் அதன் அகலம் ஏறக்குறைய ஒரு மைல். காற்றின் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல். டொர்னேடோவின் வலிமையைக் குறிக்கும் மேம்படுத்தப்பட்ட ஃபுஜிட்டா அளவுகோலின் உச்சப்படியான 5. மொத்தம் 50,000 பேர் வாழும் ஊரில் 161 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சுமார் 8,000 கட்டடங்கள் சேதமாயின.

காற்று ஓய்ந்த நொடியில் ஊர் முழுவதும் ஒரே தேடல் தொடங்கியது. மகன் எந்த உணவகத்துக்குப் போனான்? அம்மா மருத்துவமனையில் இருந்தாளே, அந்தக் கட்டடம் நிற்கிறதா? எதிர் வீட்டில் தனியாக இருக்கும் கிழவர் எங்கே? விழாவுக்காக ஊரெங்கும் சிதறிக் கிடந்த குடும்பங்களுக்கு, யார் எங்கே இருந்தார் என்பதே தெரியவில்லை. ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்ளும் இந்தச் செயலை நாம் அன்பின் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அதுவே பேரிடரின் முதல் மீட்பு அமைப்பும்கூட. சைரனையும் ரேடாரையும் போல அதற்கும் வேகம் உண்டு, பிழை உண்டு, எட்டாத மூலைகள் உண்டு. அதை அளக்கலாம், பலர் அளந்திருக்கிறார்கள்.

முதலில் டொர்னேடோவின் வடிவத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நமக்குப் பழக்கமான புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிவது. வங்கக் கடலில் தாழ்வு நிலையாக இருக்கும்போதே அதைப் பின்தொடரத் தொடங்கி, பெயர் வைத்து, எந்த நாள் எங்கே கரை கடக்கும் என்று பேசிக்கொண்டிருப்போம். டொர்னேடோ, சுழன்றுகொண்டே மேலெழும் ராட்சத இடிமுகிலின் அடியில் பிறப்பது. பெரும்பாலானவை சில நூறு மீட்டர் அகலம்கூட இல்லாதவை. அதற்கு நாள் கணக்கில் முன்னறிவிப்பு தர முடியாது, நிமிடக் கணக்குதான். ஜாப்லினுக்கு வானிலைத் துறையின் டொர்னேடோ எச்சரிக்கை 5.17 மணிக்கு வந்தது. சைரன் அதற்கும் முன்பு, 5.11க்கே ஒருமுறை ஒலித்தது, 5.38க்கு மறுபடியும் ஒலித்தது. மழைத் திரைக்குள் சுழல் மறைந்திருந்ததால் பலர் கண்ணால் பார்க்கவே இல்லை.

பின்னர் வானிலைத் துறை நடத்திய ஆய்வில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. சைரன் கேட்டவுடன் ஒளிந்துகொண்டவர்கள் குறைவு. பெரும்பாலானோர் வேறெங்காவது உறுதி செய்துகொள்ளக் காத்திருந்தார்கள். வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள், தொலைக்காட்சியைத் திருப்பினார்கள், உறவினரைக் கூப்பிட்டார்கள். சமூகவியலாளர்களுக்கு இது பழைய செய்தி. ஆபத்துச் செய்தி ஒன்று வந்தால் மனிதன் அதைத் தனக்குத் தெரிந்த இன்னொரு மனிதனிடம் சரிபார்த்துக்கொண்ட பிறகே அசைகிறான். ஆகவே, “டிவி பார்த்தியா, சீக்கிரம் கீழ்த்தளத்துக்குப் போ” என்று அக்காவிடமிருந்து வரும் ஒரு அழைப்பு, சைரனால் முடியாததைச் செய்துவிடுகிறது. விசாரிப்பு பேரிடருக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

டொர்னேடோவின் குறுகல்தான் அடுத்த கட்டத்தைத் தீர்மானிக்கிறது. நிலநடுக்கமோ பெருவெள்ளமோ ஊர் முழுவதையும் ஒருசேர முடக்கும். டொர்னேடோவின் பாதையிலோ, தரைமட்டமான தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓடுகூட நகராத வீடு இருக்கும். அதாவது, இடிபாட்டில் சிக்கியவருக்கும் கைகால் சேதமில்லாத ஆளுக்கும் இடையே பத்து நிமிட நடைதான் தூரம். தீயணைப்பு வண்டிகளோ விழுந்த மரங்களையும் மின்கம்பங்களையும் தாண்டி வர வேண்டும். எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்றும் அவர்களுக்குத் தெரியாது. அந்த முதல் ஒரு மணி நேரம் அக்கம்பக்கத்தாருடையது.

இதை முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தவர்களில் வில்லியம் ஃபார்மும் சிக்மண்ட் நோசோவும் முக்கியமானவர்கள். 1953 ஜூன் 8 அன்று மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் நகரை ஒட்டிய பீச்சர் பகுதியை ஒரு டொர்னேடோ தாக்கியது. 116 பேர் இறந்தார்கள். ஆய்வாளர்கள் பிழைத்தவர்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். காற்று நின்றதும் என்ன செய்தீர்கள், யாரைத் தேடினீர்கள், உங்களை வெளியே எடுத்தது யார்? பதில்களில் திரும்பத் திரும்ப வந்தது குடும்பமும் அண்டை வீட்டாரும்தான். பதறி ஓடும் கூட்டம், அடுத்தவனை மிதித்துத் தப்பிக்கும் சுயநலம் என்று சினிமா காட்டும் காட்சிகளுக்கு அங்கே பெரிதாக இடமே இருக்கவில்லை. 1958இல் வந்த அவர்களுடைய நூலை இந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இருப்பது உடல் வலிமை மட்டும் அல்ல, தகவல். அது எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு ஜப்பானிலிருந்து ஒரு சான்று. 1995 ஜனவரி 17, அதிகாலை 5.46க்குக் கோபே நிலநடுக்கம். இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோரை வெளியே எடுத்தவர்கள் குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தாருமே. நிலநடுக்கத்தின் மையத்தை ஒட்டிய அவாஜி தீவில் ஹொகுதான் என்ற சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு, எந்த வீட்டில் யார், எந்த அறையில் படுத்திருப்பார் என்பது வரை தெரியும். வீடு முழுவதையும் கிளறாமல் நேராக அந்த இடத்தில் தோண்டினார்கள். அன்று பிற்பகலுக்குள் ஊரின் ஆள் கணக்கு முடிந்துவிட்டது. அதே நேரத்தில் கோபேயின் பெருநகரப் பகுதிகளில் தேடல் நாள் கணக்கில் நீண்டது. நசுங்கிய தசையிலிருந்து கசியும் பொருள்கள் சிறுநீரகத்தை முடக்கத் தொடங்கும் நிலையில், ஒவ்வொரு மணி நேரமும் உயிரோடு எடுக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. படுக்கையறை எது என்று தெரிந்திருப்பது அந்த மணி நேரங்களை மிச்சப்படுத்துகிறது.

ஜாப்லினில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையே டொர்னேடோவின் நேர்ப் பாதையில் மாட்டியது. ஜன்னல்கள் அனைத்தும் போயின, மாற்று மின்சாரமும் நின்றது. 5 நோயாளிகளும் பார்வையாளர் ஒருவரும் இறந்தார்கள். ஆனால் உள்ளே இருந்த 183 நோயாளிகளை 90 நிமிடங்களில் வெளியேற்றிவிட்டார்கள். அசாதாரணமான வேலை. அதன் பின்விளைவையும் பாருங்கள். நோயாளிகள் பல ஊர்களின் மருத்துவமனைகளுக்குப் பிரிந்து போனார்கள். தெருவில் காயமடைந்தவர்களும் கிடைத்த லாரியின் பின்புறத்தில் ஏற்றப்பட்டு எங்கெங்கோ சேர்க்கப்பட்டார்கள். உயிரைக் காப்பாற்றிய அதே வேகம், யார் எங்கே என்ற கேள்வியை இன்னும் சிக்கலாக்கியது.

இப்போது வெளியூரில் இருப்பவர்களிடம் வருவோம். சார்ல்ஸ் ஃபிரிட்ஸ், ஜே. எச். மாத்யூசன் என்ற இரு ஆய்வாளர்கள் 1957இல் ஒரு வினோதத்தைக் கவனித்து எழுதினார்கள். பேரிடர் நடந்த இடத்திலிருந்து மக்கள் வெளியே ஓடுவதைவிட, வெளியே இருந்து அந்த இடத்தை நோக்கிப் பாய்வதே பெரிய நெருக்கடி. வருபவர்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள்: தன் வீட்டுக்குத் திரும்புபவர்கள், உறவினர் நிலை தெரியாமல் தவிப்பவர்கள், உதவ வருபவர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள், சுரண்ட வருபவர்கள். இந்த இரண்டாவது வகையை நிர்வாகம் எப்போதும் தொந்தரவாகவே பார்த்து வந்திருக்கிறது. “தயவுசெய்து வராதீர்கள், போன் செய்யாதீர்கள்” என்று அறிவிப்பார்கள். தவிப்பவன் கேட்க மாட்டான். கேட்கவும் முடியாது. அவனுக்கு வேண்டியது தடுப்புக் கயிறு இல்லை, பதில். பதில் கிடைத்த நொடியில் அவன் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். ஆகவே நலச் செய்தியை விரைவாகக் கொண்டுசேர்ப்பது சாலை நெரிசலுக்கே மருந்து.

சாலையில் நடப்பதுதான் கைபேசி வலையிலும் நடக்கிறது. கோபுரங்கள் சில விழுந்திருக்கும், சில மின்சாரமின்றி இருக்கும். மிச்சமிருக்கும் ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒரே நேரத்தில் இத்தனை அழைப்புகள்தான் என்ற வரம்பு உண்டு. பேச்சு அழைப்பு, அது முடியும் வரை தனக்கென ஒரு வழியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆயிரம் பேர் ஒரே நிமிடத்தில் “அம்மா, எடும்மா” என்று மறுபடி மறுபடி அழுத்தும்போது ஒருவருக்கும் கிடைக்காது. குறுஞ்செய்தி அப்படி வழியை அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. அது 140 பைட் அளவுள்ள சிறு பொட்டலம். சேமிப்பு மையம் ஒன்றில் காத்திருந்து, இடம் கிடைக்கும்போது போய்ச் சேரும். போகாவிட்டால் மறுபடி முயலும். அந்த 140 பைட்டில் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழில் 70 குறியீடுகள்தான். அதிலும் உயிர்மெய் எழுத்துகள் பலவும் இரண்டு இடம் பிடிக்கும். கூடினால் செய்தி துண்டு துண்டாகப் பிரிந்து போகும். “நான் நலம். பள்ளியில் இருக்கிறேன்” என்பதற்கு இடம் தாராளம். பேரிடரில் அனுப்ப வேண்டியதும் அந்த இரண்டுதான்: நிலை, இடம்.

ஜாப்லினில் நான்காம் நாள், மே 26 அன்று, மாநில அரசு இருப்பிடம் தெரியாதவர்கள் என்று 232 பெயர்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. அதற்கு முன் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காணவில்லை என்ற எண்ணிக்கை உலவிக்கொண்டிருந்தது. பெயர்கள் வெளிவந்ததும் பட்டியல் கரையத் தொடங்கியது. “இவர் என் வீட்டில்தான் இருக்கிறார்” என்று யாரோ சொன்னார்கள். சிலர் தங்கள் பெயரைத் தாங்களே பார்த்து, தங்களை யாரோ தேடுகிறார்கள் என்பதை அப்போதுதான் அறிந்தார்கள். ஜூன் முதல் வாரத்துக்குள் எல்லாருடைய நிலையும் தெரிந்துவிட்டது.

ஆனால் பட்டியலின் இருண்ட பக்கத்தில் இருந்தவர்கள் பட்ட வேதனை கொஞ்சமல்ல. தொடக்கத்தில் ஓர் உடலைக் கண்ணால் பார்த்து அடையாளம் சொன்னதில் தவறு நேர்ந்தது. அதன் பிறகு அதிகாரிகள் கைரேகை, பல் பதிவு, மரபணு போன்ற சான்று இல்லாமல் உடலை ஒப்படைக்க மறுத்தார்கள். அறிவியல்படி சரியான முடிவு. இருந்தும், பிள்ளை அந்தக் கூடாரத்துக்குள்தான் கிடக்கிறான் என்று உள்ளுக்குள் தெரிந்தும் வெளியே நாள் கணக்கில் நின்ற பெற்றோருக்கு அது தாங்க முடியாததாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே நல்ல வழி ஒன்று இருக்கிறது. சான்றுக்குக் காத்திருக்கும்போது குடும்பத்தோடு பேசிக்கொண்டே இருக்கும் ஒரே ஆளை நியமிப்பது. ஒரு குடும்பத்துக்கு ஒருவர். அவரிடம் புதிய செய்தி இல்லாத நாளிலும் அவர் வர வேண்டும். மௌனத்தைவிட “இன்னும் தெரியவில்லை” என்ற சொல் மேல்.

இந்த ஊரில் மிகச் சிறப்பாக ஆள் கணக்கு எடுத்தது பள்ளி நிர்வாகம் என்பது என் கணிப்பு. உயர்நிலைப் பள்ளி உட்படப் பல பள்ளிக் கட்டடங்கள் அழிந்திருந்தன. அப்போதைய கண்காணிப்பாளர் சி. ஜே. ஹஃப் எடுத்த முதல் முடிவு கட்டடத்தைப் பற்றியதல்ல. ஒவ்வொரு மாணவனும் ஒவ்வொரு ஊழியரும் எங்கே என்று கண்டுபிடிப்பது. ஆசிரியர்கள் தொலைபேசியிலும் ஃபேஸ்புக்கிலும் தேடினார்கள். கிடைக்காதவர்களுக்காக முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு இடிந்த தெருக்களில் நடந்தார்கள். 7 மாணவர்களும் ஊழியர் ஒருவரும் இறந்தது தெரிந்தது. இந்த வேலையை ஆசிரியர்களால் செய்ய முடிந்ததற்குக் காரணம் எளிது. பட்டியல் ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது; பெயருக்குப் பின்னால் இருக்கும் முகம் அவர்களுக்குத் தெரியும்; அந்தக் குழந்தையின் சித்தி எந்த ஊரில் இருக்கிறாள் என்பதும் வகுப்பில் யாருக்காவது தெரியும். அரசுத் துறை எதுவும் இந்த மூன்றையும் ஒன்றாக வைத்திருப்பதில்லை. ஆகஸ்ட் 17 அன்று, ஏற்கெனவே அறிவித்திருந்த தேதியில், பள்ளிகள் திறந்தன. மேல்வகுப்புகள் ஒரு வணிக வளாகத்தின் காலியான கடைக்குள் நடந்தன.

ஜாப்லினுக்கு ஒரு மாதம் முன்பு, 2011 ஏப்ரல் 27 அன்று, அலபாமாவும் சுற்றியுள்ள மாநிலங்களும் இன்னும் பரந்த அழிவைக் கண்டன. ஒரே நாளில் முன்னூறுக்கும் மேற்பட்டோர் டொர்னேடோக்களில் இறந்தார்கள். அதிகாலையில் வந்த முதல் அலையே பல பகுதிகளில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டதால், பிற்பகலில் வந்த கொடிய அலையின் எச்சரிக்கை பல வீடுகளை எட்டவே இல்லை. ஹாக்கல்பர்க், ஃபில் கேம்பல் என்ற சிற்றூர்களை அழித்த டொர்னேடோ மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல் தரையில் ஓடி 72 பேரைக் கொன்றது.

அன்றிரவு வட அலபாமாவில் ஒரு பெண் தன் வீட்டு முற்றத்தில் வானத்திலிருந்து காகிதங்கள் விழுவதைப் பார்த்தார். யாருடைய வீட்டுப் படங்களோ, யாருடைய ஆவணங்களோ. அவற்றைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கி வெளியிட்டார். சில நாட்களில் பல மாநிலங்களிலிருந்து மக்கள் தங்கள் வயலில், கூரையில், வேலியில் கண்டெடுத்தவற்றை அங்கே போடத் தொடங்கினார்கள். உரியவர்கள் அடையாளம் கண்டு, “இது எங்கள் பாட்டி” என்று எழுதினார்கள். வீடே இல்லாமல் போனவர்களுக்குத் திரும்பி வந்த ஒரே பொருள் ஒரு குழந்தையின் புகைப்படமாக இருந்த கதைகள் ஏராளம்.

ஜார்ஜியா பல்கலைக்கழக வானிலையியலாளர் ஜான் நாக்ஸ் இதில் வேறொன்றையும் பார்த்தார். ஒவ்வொரு படத்துக்கும் கிளம்பிய இடமும் விழுந்த இடமும் தெரிந்துவிட்டால், டொர்னேடோ தூக்கிய பொருள்கள் வானத்தில் எந்த வழியே போயின என்று கணக்கிடலாமே! டொர்னேடோவுக்குள் கருவி அனுப்புவது மிகக் கடினம். இங்கோ காற்று தானே ஆயிரக்கணக்கான கருவிகளை ஏவியிருந்தது. அவற்றை மீட்டு முகவரியோடு எழுதி வைத்தவர்கள் பொதுமக்கள். நாக்ஸும் அவருடைய மாணவர்களும் 934 பொருள்களின் பயணத்தைத் தேர்ந்து ஆராய்ந்து, 2013இல் அமெரிக்க வானிலையியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார்கள். பெரும்பாலானவை டொர்னேடோ போன பாதைக்குச் சற்று இடப்புறம் விழுந்திருந்தன. மிகத் தொலைவு போனது ஃபில் கேம்பலிலிருந்து கிளம்பிய ஒரு புகைப்படம்: டென்னசி மாநிலத்தின் லெனோர் சிட்டியில், 353 கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கியது. இடிபாட்டுத் தூசியில் கல்நாரோ நச்சுப்பொருளோ இருந்தால் அது எங்கே போய் விழும் என்பதை முன்கூட்டியே சொல்ல இந்தக் கணக்கு உதவும். அறிமுகமில்லாதவரின் பாட்டி படத்தைத் தூக்கி எறிய மனம் வராதவர்கள் சேர்த்துத் தந்த தரவு இது.

விசாரிப்பு முதல் நாளோடு முடிவதும் இல்லை. ஜாப்லினில் காயங்களைத் தைத்துக் கட்டி அனுப்பப்பட்டவர்களில் சிலருக்கு, சில நாட்கள் கழித்துக் காயத்தின் ஓரம் கறுத்து அழுகத் தொடங்கியது. மரச் சிம்புகளோடும் மண்ணோடும் உடலுக்குள் புகுந்த பூஞ்சை. மியூகார்மைகோசிஸ் என்ற அந்த நோய்க் குடும்பத்தைக் கொரோனாவின் இரண்டாம் அலையில் ‘கருப்புப் பூஞ்சை’ என்ற பெயரில் நாமும் அறிந்தோம். ஜாப்லினில் 13 பேருக்கு வந்தது, 5 பேர் இறந்தார்கள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் ஆய்வு காட்டியது: நோய் கண்டவர்கள் எல்லாரும் மிகக் கடுமையாக அழிந்த பகுதியில் இருந்தவர்கள். இரண்டாவது வாரத்தில் வீடு வீடாகப் போய் “தையல் போட்ட இடம் எப்படி இருக்கிறது, காட்டுங்கள்” என்று கேட்க ஆள் இருப்பது மருத்துவ ரீதியாகவே அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு இந்த அமைப்பின் பெரிய ஓட்டையைச் சொல்லாமல் விட முடியாது. யாரோ ஒருவர் கேட்டால்தான் பெயர் பட்டியலில் ஏறும். யாருமே கேட்காதவர்? 1995 ஜூலையில் சிகாகோவை வெப்ப அலை தாக்கி 739 பேர் கூடுதலாக இறந்தபோது, சமூகவியலாளர் எரிக் கிளினன்பர்க் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஏழைப் பகுதிகளை ஒப்பிட்டார். கடைகளும் நடமாட்டமும் நிறைந்த ஒன்றில் ஒரு லட்சத்துக்கு 4 பேர் இறந்திருந்தார்கள். ஆள் நடமாட்டம் அற்றுப்போன மற்றொன்றில் 40 பேர். தனியாக வாழ்ந்த முதியவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் அவர்கள் வெளியே வந்தார்கள், வராவிட்டால் யாரோ கவனித்தார்கள்.

பேரிடர் ஆய்வாளர் டேனியல் ஆல்ட்ரிச் நம் கரைக்கே வந்தார். கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸில் தன் வீட்டை இழந்தவர் அவர். தோக்கியோ, கோபே, நியூ ஆர்லியன்ஸ் ஆகியவற்றோடு 2004 சுனாமிக்குப் பிந்தைய தமிழகக் கடற்கரையையும் சேர்த்து ஆராய்ந்தார். வலுவான ஊர்ப் பஞ்சாயத்தும் வெளித் தொடர்புகளும் உள்ள மீனவக் கிராமங்களுக்கு உதவி விரைவாக வந்ததைக் கண்டார். அதே வலுவான பஞ்சாயத்துகள் தயாரித்த பட்டியல்களில் தலித்துகளும் கைம்பெண்களும் வெளியாட்களும் விடுபட்டதையும் கண்டார். நெருக்கமான சமூகம் தன்னவரை நன்றாக எண்ணும். தன்னவர் அல்லாதாரை எண்ண மறந்துவிடும். இது அலபாமாவுக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்தும்.

ஜாப்லின் அழிவை அமெரிக்கத் தர நிறுவனம் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்ததன் பலனாக, 2021இல் வெளிவந்த கட்டடப் பொறியியல் தரவிதிகளில் டொர்னேடோ சுமைக்கு முதன்முறையாகத் தனி அத்தியாயம் வந்தது. ஒரு சுவர் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கு இப்போது எண் இருக்கிறது. ஒரு தெருவில் எத்தனை பேர் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு எந்தத் தரவிதியும் இல்லை, எழுதவும் முடியாது. அந்த வேலை தெருவில் இருப்பவர்களுடையது. உங்கள் தெருவிலும் தனியாக இருப்பவர் யார், புதிதாகக் குடிவந்து யாரோடும் பேசாதவர் யார், வெளிமாநிலத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்கள் இரவில் எங்கே தூங்குகிறார்கள், அவர்களுக்கு ஒன்றென்றால் எந்த ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.